நகரமைப்பும் நீரின் வழியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நகரமைப்பு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். மொகஞ்சதாரோ முதல் சண்டிகர் வரை விரியும் பெரும்பொருள் அது. எனினும், சென்ற ஐப்பசியில் நம் காலனியின் கீழ்த்தெருவில் முழங்கால் அளவு நீர் நின்ற இரவை இங்கு அமர்ந்துள்ளோர் மறந்திரார். அரிசிப் பானையைக் கட்டிலின்மேல் ஏற்றிய பின், கட்டிலை எதன்மேல் ஏற்றுவது என்று நாம் திகைத்து நின்றோம். அந்த நீர் எங்கிருந்து வந்தது, ஏன் போக மறுத்தது என்னும் இரு வினாக்களுக்கு விடை தேடினாலே நகரமைப்பின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். ஆதலின் உலகைச் சுற்றுமுன் ஊரைச் சுற்றுவோம்.

திருவனந்தபுரம் குன்றுகளின்மேல் அமைந்த ஊர். உரோமாபுரியைப் போல் ஏழு குன்றுகள் என்று பெருமை சொல்வோர் உண்டு. குன்றுகளை எண்ணுவோர் அவற்றிடையே கிடக்கும் பள்ளங்களை எண்ணுவதில்லை. முன்னாளில் மேட்டில் வீடும் பள்ளத்தில் வயலும் இருந்தன. மேட்டு மழை வயலில் இறங்கித் தங்கி, மெல்ல நடந்து, இவ்வூரார் தோடு என வழங்கும் ஓடையை அடைந்தது. கோட்டைக்கு வெளியே புத்தரிக்கண்டம் என்றோர் இடம் இருக்கிறதன்றோ? கண்டம் என்பது வயல். புத்தரி என்பது புதிய அரிசி. இன்று அது திடல். மருதங்குழி, ஆக்குளம் என்னும் பெயர்களும் பள்ளத்தையும் நீரையும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஊர்ப்பெயரைப் படிப்பதே நகரமைப்பின் முதற்பாடம் என்போம்.

1795-ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் இங்கு மாறியது. திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். நாஞ்சில் நாட்டு நெல்லும் காய்கனியும் அங்கு வந்து குவிந்தன. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் அவ்வழி வண்டிகள் நின்றுவிடவில்லை. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளாக நம்மவர் தெருக்கள் எழுந்தன. கிள்ளியாற்றின் நீரை மருதங்குழியில் தடுத்து, கொச்சாறு என்னும் கால்வாய் வழியாகப் பத்மதீர்த்தக் குளத்திற்குக் கொணர்ந்தனர். நீர் எப்பக்கம் சாயும் என்பதை அறிந்தோர் செய்த வேலை அது.

அந்நாளைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. ஊரின் பாதைகள் எல்லார்க்கும் உரியனவாக இருந்ததில்லை. 1893-இல் வெங்கானூரில் அய்யங்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றதே ஒரு போராட்டமாயிற்று. தெருவை எங்கே போடுவது என்பதோடு, அதில் யார் நடப்பது என்பதும் நகரமைப்பின் வினாவே.

நிற்க. 1931-இல் புகைவண்டிப் பாதை தம்பானூர் வரை நீண்டது. நகரின் நடுவே எளிதில் எய்தக்கூடிய இடம் வேண்டும் என்று தாழ்நிலத்தைத் தேர்ந்தனர். அதனைச் சூழ்ந்து பேருந்து நிலையமும் விடுதிகளும் கடைகளும் வந்தன. ஆமையிழஞ்சான் தோடு இவற்றின் அடியிலும் அருகிலும் செல்கிறது. வானாய்வுக் கூடக் குன்றுப் பகுதியில் தோன்றி, தம்பானூர், பழவங்காடி, கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் ஏரியில் சேர்ந்து, வேளியில் கடலை நாடுவது அது. வேளிப் பொழிமுகத்தை மணல் மேடு அடைத்துக்கொள்ளும்போது, அதனை உரிய காலத்தில் வெட்டிவிடாவிட்டால், நகரத்து நீர் கடலைக் காண முடியாது. நம் கீழ்த்தெருவில் நின்ற நீர், பல மைல் தொலைவிலுள்ள ஒரு மணல் மேட்டுக்காகவும் காத்திருந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். அதுவே உண்மை.

இவ்வூருக்கே உரிய ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. 1932-இல் தொடங்கிய விமான நிலையம் அவ்வழியின் குறுக்கே அமைந்தது. இன்றும் ஆண்டுக்கு இருமுறை விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்திவிட்டு, ஓடுபாதையைக் கடந்து ஊர்வலம் போகிறது. பழைய வழியை மதித்துப் புதிய வழி ஒதுங்கி நிற்கிறது! ஆண்டில் இரு நாள் செல்லும் ஊர்வலத்திற்கு வழிவிடத் தெரிந்த நாம், மழைதோறும் புறப்படும் நீரின் ஊர்வலத்திற்கு வழிவிடவில்லை.

பிற நாட்டார் மட்டும் தேர்ந்தவர் என்பதற்கில்லை. இலண்டன் மாநகரில் 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்திற்குள்ளேயே புகுந்த பின்னர்தான் பொறியாளர் பாசல்கெட்டின் கழிவுநீர்த் திட்டத்திற்குப் பணம் பிறந்தது. நாற்றம் மேலோர் மூக்கை எட்டும்வரை திட்டங்கள் அசையா போலும். தென்கொரியத் தலைநகர் சியோலில் சோங்கேசோன் என்னும் ஓடையை மூடி, அதன்மேல் தூண் நிறுத்தி நெடுஞ்சாலையே கட்டினர். 2003-இல் அதனை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையை மீண்டும் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தனர். இன்று மக்கள் அதன் கரையில் உலாவுகின்றனர். ஆயினும் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி எந்திரத்தால் இறைத்து விடப்படுவதே. அங்கிருந்த சிறு வணிகர் பலர் இடம்பெயர நேர்ந்தது. மூடுவது எளிது, திறப்பதற்குப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும்.

நம் ஊரிலும் 2015-இல் அனந்தா நடவடிக்கை என்னும் பெயரில் கால்வாய்களைத் தோண்டினர். சாலைகளின் அடியிலும் கட்டடங்களின் அடியிலும் மறைந்து கிடந்த நீர்வழிகள் வெளிப்பட்டன. தம்பானூரில் நீர் தேங்குவது குறைந்தது. ஆனால் பணி முழுமை பெறவில்லை. 2023 அக்டோபரில் கண்ணம்மூலையை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளில் மீண்டும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2024 ஜூலையில், புகைவண்டித் தண்டவாளங்களின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளர் ஒருவர் மழைவெள்ளத்தில் அகப்பட்டார். இரவு பகலாகத் தேடினர். மூன்றாம் நாள் உடல்தான் கிடைத்தது.

அவரைத் தேடச் சென்றவர்களுக்குத் தடையாக நின்றது கல்லன்று. மலைபோல் குவிந்த குப்பையும் பிளாஸ்டிக்குமே. அதில் நம் பங்கு எவ்வளவு? சாலையிலும் தம்பானூரிலும் கடை வைத்திருப்போர் நம்மில் பலர். கீழ்த்தெருவில் நீர் நின்றபோது மாநகராட்சியை வைதோம். மேல்தெருவில் வடிகாலின்மேல் பலகை போட்டு வண்டி நிறுத்தும் நமக்குள் ஒருவரையும் நாம் வையவில்லை.

பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1914-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. (நம் பேச்சு வழக்கில் இன்றும் உலவும் அதே எம்டன்தான்.) அவர் சோர்ந்துவிடாமல் புதிதாகப் படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து நடந்து அறிக்கைகள் எழுதினார். ஒரே கோடாக இடித்துச் சாலை போடுவதை அவர் ஏற்கவில்லை. மருத்துவர் உடலைக் காத்து அறுவை செய்வதுபோல், வேண்டிய இடத்தில் மட்டும் சிறிது இடித்து, எஞ்சியதைப் பேண வேண்டும் என்றார். நடந்து பாராதவன் வரைந்த படத்தை அவர் நம்பியதில்லை.

இந்நகரின் பெருந்திட்டம் 1971-இல் ஒப்புதல் பெற்றது. 2013-ஐ ஒட்டி வெளியான புதிய வரைவைக் கண்டு, தம் நிலத்திற்கு என்ன நேருமோ என மக்கள் அஞ்சி எதிர்க்க, அது நிறுத்தி வைக்கப்பட்டது. வயலையும் ஈரநிலத்தையும் காக்க 2008-இல் கேரளத்தில் சட்டமே பிறந்தது. சட்டம் இருக்கிறது, எந்தப் பள்ளம் யார் வீட்டு நீரைத் தாங்குகிறது என்பது அப்பள்ளத்தின் அருகில் குடியிருப்போர்க்கே தெரியும். அவர்கள் வாய் திறவாதவரை படம் வரைவோர் அறியார்.

ஆதலின் நம் காலனிக்கு ஒரு விண்ணப்பம். ஐப்பசி மழைக்கு முன்னர், வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நம் பின்புற வடிகாலை அது தொடங்கும் இடத்திலிருந்து தோட்டோடு சேரும் இடம்வரை நடந்து பார்ப்போம். எங்கே பலகை, எங்கே சுவர், எங்கே குப்பை என்று பிள்ளைகள் படம் வரையட்டும். அப்படத்தோடு வார்டு உறுப்பினரைச் சென்று காண்போம். அதற்குமுன் நம் பலகைகளை நாமே எடுத்துவிடுவோம். பன்னிரண்டு வீட்டார் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் ஒன்பது வீடுகள் கீழ்த்தெருவைச் சேர்ந்தவை. மேல்தெருவினர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் பதிந்துகொள்ள வேண்டுகிறோம். பழைய செருப்பே போதும்.