முள் அசையவில்லை, ஆபத்தும் இல்லையா?



வீட்டில் கனமான அலமாரியை இடம் மாற்றும்போது, முதலில் அது அசைய மறுக்கும். இருவர் சேர்ந்து தள்ளினால்தான் நகரத் தொடங்கும். நகர்ந்த பிறகு சிரமம் சற்றுக் குறையும். அது சீரான வேகத்தில் நகரும்போது, தள்ளும் விசை உராய்வைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. இரண்டும் சரிசமம். உராய்வு 60 நியூட்டன் என்றால் தள்ளுவதும் 60 நியூட்டன்தான். தள்ளுவது கூடினால் வேகம் ஏறிக்கொண்டே போகும். குறைந்தால் அலமாரி நின்றுவிடும். 1687இல் ஐசக் நியூட்டன் வெளியிட்ட இயக்க விதிகள் சொல்வது இதைத்தான்.

இதே கணக்கு வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையிலும் உண்டு. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் சீராக ஓடுகிறது. இயந்திரம் சுழற்றும் சக்கரம் சாலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. சாலை உராய்வின் வழியே காரை முன்னோக்கித் தள்ளுகிறது. காற்றும் உருளும் டயர்களின் தடையும் அதே அளவு பின்னுக்கு இழுக்கின்றன. அதனால் வேகமானியின் முள் அசைவதில்லை.

வாகனமோட்டிகள் ஏமாறும் இடம் இதுதான். சீராக ஓட, டயரின் பிடிப்பில் சிறு பகுதியே போதும். மழையில் தேய்ந்த டயர்கூட அதைக் கொடுத்துவிடும். கார் அமைதியாக ஓடுவதால், சாலை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. மிச்சம் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்பது பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும்.

உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7, ஈரச் சாலையில் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பிறகு உலர்ந்த சாலையில் சுமார் 68 மீட்டரில் நிற்கும். ஈரச் சாலையில் சுமார் 119 மீட்டர் தேவை. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள்ளேயே 30 மீட்டர் கடந்திருக்கும். அதே ஈரச் சாலையில் வேகத்தை 80க்குக் குறைத்தால், பிரேக் பிடித்த பிறகு சுமார் 63 மீட்டர் போதும்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊர் திரும்புவோர், புறப்படும் முன் டயரின் பள்ளங்களைப் பார்ப்பதும், மழை தொடங்கியதும் வேகத்தைக் குறைப்பதும் இதனால்தான் அவசியம். முள் அசையாமல் நிற்பது விசைகள் சமமாக இருப்பதற்கு அடையாளம். அது பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல.