எக்ஸ் கதிரும் நமது கடமையும்



எக்ஸ் கதிரைப் பற்றி நம்மிடையே இரு வகைப் பிழையான எண்ணங்கள் உலவுகின்றன. புற்றுநோய் வந்துவிடுமென்று அஞ்சி, வைத்தியர் கேட்ட படத்தையும் எடுக்க மறுப்பர் ஒரு சாரார். சாதாரண நாரி நோவுக்கும் படம் எடுத்தே தீரவேண்டுமென்று வைத்தியரை நெருக்குவர் மற்றொரு சாரார். இக்கதிர் பிறக்கும் விதத்தை அறிந்தால் இரு பிழைகளும் நீங்கும்.

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் றொன்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தார். இன்றைய கருவியில், காற்று அகற்றிய குழாயினுள்ளே சூடேறிய கம்பியிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் அவற்றை விரைந்து இழுத்துத் தங்குதன் உலோகத்தில் மோதச் செய்கின்றது. அவற்றின் சக்தியில் நூற்றிலொரு பங்களவே எக்ஸ் கதிராகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. ஆதலினாலேயே ஏறத்தாழ 3,400 பாகை சதமளவில் உருகும் தங்குதனைத் தெரிந்தெடுத்தனர். மின்சாரத்தை நிறுத்திய கணமே கதிரும் நின்றுவிடும். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்குவதுண்டோ? அதுபோலவே நோயாளியின் உடலிலும் இக்கதிர் தங்குவதில்லை.

சதையை எளிதில் ஊடுருவும் கதிரை எலும்பிலுள்ள கல்சியம் பெரிதும் தடுக்கின்றது. அந்நிழலே படம். ஆயினும் உடலில் தடைப்படும் கதிர் உயிர்க்கலங்களைத் தாக்க வல்லது. இவ்வுண்மையை அறிய முன்னோடிகள் கொடுத்த விலை பெரிது. எடிசனின் உதவியாளர் கிளாறன்ஸ் டாலி தம் கைகளையே கதிரில் பன்முறை காட்டிச் சோதித்தார். கைகளை இழந்து 1904 இல் இறந்தார். கதிரால் மாண்டோருக்கென ஹாம்பேர்க் நகரில் 1936 இல் எழுப்பிய நினைவுக்கல்லில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

அவர்தம் தியாகத்தால் நாம் பெற்ற காவல்கள் மூன்று: காலம், தூரம், மறைப்பு. கதிர்படும் நேரத்தைக் குறைத்தல் முதலாவது. விலகி நிற்றல் இரண்டாவது. தூரம் இருமடங்கானால் கதிரின் செறிவு நாலிலொன்றாகும். ஈயத்தால் மறைத்தல் மூன்றாவது.

அளவையும் அறிவோம். நெஞ்சுப் படம் ஒன்றில் நாம் பெறும் கதிர், மண்ணிலும் விண்ணிலுமிருந்து சில நாட்களில் இயற்கையாகவே பெறும் அளவினது. வயிற்றுக்குச் செய்யும் சி.ரி. ஸ்கானோ சில ஆண்டுகளின் அளவைத் தரக்கூடும்.

ஆகவே, தேவையான படத்தை அஞ்சி மறுக்காதிருப்போம். தேவையற்றதைக் கேட்டு நெருக்காதிருப்போம். எதற்காக இப்படமென்று வைத்தியரிடம் பணிவுடன் வினவுவோம். பழைய படங்களைப் பேணி உடன்கொண்டு செல்வோம். கருவுற்ற தாய்மார் அதனை முன்கூட்டியே சொல்லும்படி வீடுதோறும் எடுத்துரைப்போம். மாண்ட அந்த முன்னோடிகளுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியும், நம் அயலவர்க்குச் செய்யக்கூடிய தொண்டும் இதுவேயாம்.