சிறு செலவில் ஓர் அச்சப் படம்

அச்சமூட்டும் படம் என்றதும் கோர உருவங்களும் குருதிப் பெருக்கும் பலர் நினைவுக்கு வரும். ஆனால், வெள்ளைப் பந்தொன்று துள்ளி வருவதைக் காட்டியே பார்ப்போரை நடுங்கவைத்தார் இத்தாலிய நெறியாளர் மரியோ பாவா. 1966ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயர் 'ஒப்பெராட்சியோனே பவுரா'. 'பவுரா' என்றால் அச்சம் என்பது பொருள்.

கதை 1907ஆம் ஆண்டில், கார்ப்பேத்திய மலைப்புறத்துக் கிராமமொன்றில் நிகழ்கிறது. மர்மமாக மாண்ட பெண்ணொருத்தியின் உடலைப் பரிசோதிக்க இளம் வைத்தியர் வருகிறார். அவளது இதயத்தினுள் நாணயக் குற்றியொன்று கிடக்கிறது! ஊரார் வாய்திறக்க மறுக்கின்றனர். இறந்துபோன சிறுமி ஒருத்தியின் ஆவியைக் கண்டவர் உயிர்தப்புவதில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை. புதிரை இங்கு அவிழ்ப்பது முறையன்று.

படப்பிடிப்பின் நடுவே பணம் தீர்ந்துவிட, கலைஞர்கள் ஊதியமின்றியே பணியை முடித்தனர் என்பர். இசையிற் பெரும்பகுதி வேறு படங்களுக்கென முன்னரே அமைக்கப்பட்டது. எனினும், ஒளிப்பதிவாளராக நெடுங்காலம் பணியாற்றிய பாவாவுக்கு விளக்கொளியே செல்வமாயிற்று. பச்சையும் நீலமும் படர்ந்த பழஞ்சுவர்கள், பனிமூட்டம், சுழன்றிறங்கும் படிக்கட்டு ஆகியவற்றால் ஒரு கனவுலகையே அவர் படைத்துவிட்டார். ஓரிடத்தில் வைத்தியர் தம்முன் ஓடும் ஒருவனைத் துரத்துகிறார். கதவைத் திறந்தால் அதே அறை. மறுகதவைத் திறந்தாலும் அதே அறை. ஈற்றில் அவனைப் பற்றித் திருப்பினால், அது அவருடைய முகமே! ஓர் அறையும் ஒரு நடிகரும் போதுமாயிருந்த இக்காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று. சிறுமியின் ஆவியாகத் தோன்றியவன் ஒரு சிறுவன் என்பதும் அவ்வுருவின் விசித்திரத்துக்குத் துணைசெய்கிறது.

குறைகளும் உள. வைத்தியரும் கதாநாயகியும் உயிர்த்துடிப்பற்ற பாத்திரங்கள். கமரா தேவையின்றி அடிக்கடி முகங்களை நோக்கிப் பாய்கிறது. காட்சியால் விரியவேண்டிய மர்மம், இறுதியில் நீண்ட பேச்சால் விளக்கப்படுகிறது. முடிவோ அவசரமாக வந்துவிடுகிறது. இவற்றுள் பலவற்றுக்குப் பணமுடையைக் காரணங்கூறல் பொருந்தாது. நல்ல உரையாடல் எழுதப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கதையமைப்பிற் கவனமே வேண்டும்.

ஆயினும், 1968ஆம் ஆண்டில் புகழ்பெற்ற நெறியாளர் பெலினி தமது 'டோபி டாமிட்' என்னும் குறும்படத்தில் சாத்தானைப் பந்தேந்திய சிறுமியாகவே காட்டினார். பாவாவின் கதை நினைவினின்று நழுவினாலும், அந்தப் பந்து மட்டும் துள்ளிக்கொண்டே இருக்கிறது.