ஏற்கப்படாத இரண்டு உறுதிகள்

(உழவரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சரித்திரம் என்றவுடன் பேரரசர்களும் பெரும்போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு காணி உறுதியும் ஓர் ஏழைப் பெண்ணை விற்ற உறுதியும் சரித்திரமாகும் என்று நாம் எண்ணுவதில்லை. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கிலே, கனடாவின் எல்லையை அடுத்துள்ள வேர்மொண்ட் என்னும் சிறு மாநிலத்தின் கதை அவ்விரு பத்திரங்களின் கதையேயாகும். உரிமை கேட்போர் யாவரும் அறிய வேண்டிய கதை அது.

1749ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷயர் மாகாணத்தின் ஆளுநர் பெனிங் வென்ற்வேத், கொனெக்டிக்கட் ஆற்றுக்கு மேற்கேயிருந்த காட்டுநிலத்தை ஊர் ஊராகப் பிரித்து உறுதி எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். முதல் ஊருக்குத் தம் பெயரையே சூட்டினார்; அதுவே பெனிங்டன். 1764 வரையில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் வழங்கப்பட்டன. பெரும்பாலான ஊர்களில் 500 ஏக்கரைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளவும் அவர் மறக்கவில்லை! அம்மண்ணிலே வழிவழி வாழ்ந்த அபெனாக்கி மக்களை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் இங்கு குறித்துக்கொள்வோம்.

அவ்வுறுதிகளை நம்பி உழவர் வந்தனர். மரம் தறித்தனர், கல்லகற்றினர், மனை எழுப்பினர். 1764 ஜூலை 20ஆம் நாள் மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் கட்டளை பிறந்தது. ஆற்றின் மேற்குக் கரையே நியூ ஹாம்ஷயருக்கும் நியூயோர்க்குக்கும் எல்லையாகும் என்றது அது. எல்லையாகும் என்றால் அன்று முதலா? அன்றி, என்றுமே அதுதான் எல்லை என்பதா? அன்று முதல் எனின், முன்னர் எழுதிய உறுதிகள் செல்லும். என்றுமே எனின், வென்ற்வேத் பிறர் நிலத்தை எழுதிக் கொடுத்தவராவார். உழவர் முதற் பொருளைக் கொண்டனர். நியூயோர்க் இரண்டாவதைக் கொண்டு, அதே நிலத்தைத் தன் செல்வர்களுக்கு மறுபடியும் எழுதிக் கொடுத்தது. ஒரு சொல்லின் பொருள் மயக்கத்திலே ஆயிரம் அடுப்புகள் அணையும் நிலை வந்தது.

1770இல் உழவரை எழுப்புவதற்கான வழக்குகள் அல்பனி நகரில் விளங்கப்பட்டன. உழவர் தம் உறுதிகளை நீட்டினர். நீதிமன்றம் அவற்றைச் சாட்சியமாகவும் ஏற்க மறுத்தது. அத்துடன் வழக்கும் முடிந்தது. நியூயோர்க் தரப்பில் வாதாடிய சட்டத்தரணி ஜேம்ஸ் டுவேன், வழக்குக்குரிய அப்பகுதியிலேயே நியூயோர்க்கின் உறுதியால் நிலம் பெற்றிருந்தவர்! இதுவே ஏற்கப்படாத முதல் உறுதி.

அதன் பின் நடந்தவை விந்தையானவை. 1771இல் நம் பிஸ்காலைப் போன்ற அதிகாரியாகிய ஷெரிவ் பெருங்கூட்டத்துடன் பெனிங்டனில் ஒரு தோட்டத்தைக் கைப்பற்ற வந்து, திரண்டு நின்ற ஊரவரைக் கண்டு வெறுங்கையுடன் திரும்பினார். ஈதன் அலன் என்பாரின் தலைமையில் உழவர் அணி திரண்டனர். நியூயோர்க்கின் ஆட்களைப் பீச் மரக் கிளையால் அடித்து, அத்தழும்புக்குப் 'பீச் முத்திரை' என்று பெயரிட்டனர். அரச முத்திரைக்கு அது மறுமொழி! நியூயோர்க்கின் பக்கம் பேசிய சாமுவேல் அடம்ஸ் என்னும் வைத்தியரை நாற்காலியில் கட்டி, விடுதியொன்றின் கம்பத்தில் ஏற்றி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டனர். கம்பத்தின் உச்சியிலே பாடஞ்செய்த மலைச்சிங்கம் ஒன்று நியூயோர்க் திசை நோக்கிப் பல்லைக் காட்டி நின்றது.

கசையடியை நாம் புகழவில்லை. ஆனால் ஒரு மக்களின் உறுதியை நீதிமன்றம் பாராமலே தள்ளினால், அம்மக்களும் ஒருநாள் நீதிமன்றத்தைப் பாராமலே தள்ளுவர். இது ஆள்வோர் உணர வேண்டியது.

1777 ஜனவரியில் அவர்கள் தனி அரசென்று பிரகடனஞ் செய்தனர். ஜூலையில் வின்ட்சர் என்னும் ஊரிலே அரசியற் சாசனம் இயற்றக் கூடினர். டைகொண்டரோகா கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று என்ற செய்தி வந்தது. குடும்பங்களைக் காக்க வீடு திரும்ப எழுந்தவர்களை இடிமழையொன்று தடுத்தது என்றும், அந்நேரத்திலே சாசனம் வாசித்து முடிக்கப்பட்டது என்றும் ஈதனின் தம்பி ஐரா அலன் எழுதிச் சென்றார்.

அச்சாசனம் பொதுத் தேவைக்காக ஒருவரின் உடைமையை எடுத்தால் ஈடான பணம் கொடுக்கவேண்டும் என்றது. நிலமிழக்கும் அச்சத்தில் வாழ்ந்தவர்கள் வேறெதை எழுதுவர்? 21 வயதடைந்த ஆடவரையும் 18 வயதடைந்த பெண்டிரையும் அடிமையாக வைத்திருத்தல் ஆகாது என்றும் அது விதித்தது. 1791 மார்ச் 4ஆம் நாள், நியூயோர்க்கின் உரிமைக் கோரிக்கைகளுக்காக 30,000 டொலர் கொடுத்துத் தீர்த்து, வேர்மொண்ட் 14ஆவது மாநிலமாயிற்று.

இவ்வளவில் நிறுத்தினால் இது வெற்றிக் கதையாகும். நாம் நிறுத்துவதற்கில்லை.

சாசனம் பிறந்து ஆறே ஆண்டுகளில், 1783இல், அதே வின்ட்சரில் ஸ்டீபன் ஜேக்கப் என்னும் சட்ட அறிஞர் டைனா என்ற கறுப்பினப் பெண்ணை விலைக்கு வாங்கினார். அதற்கும் ஓர் உறுதி எழுதப்பட்டது. அவள் ஆண்டுக்கணக்கில் உழைத்தாள். பின் நோயுற்று ஊராரின் பராமரிப்புக்கு வந்தாள். அச்செலவைத் தரவேண்டும் என்று ஊர் நிர்வாகம் ஜேக்கப் மீது வழக்கிட்டது. அவரோ அப்போது மாநில உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவர்! அவ்வழக்கில் அவர் நீதியாசனத்தில் அமரவில்லை. ஊரவரே அவளை ஆசை காட்டி அழைத்துச் சென்றனர் என்பது அவர் தரப்பு வாதம்.

1802இல் தீர்ப்பு வந்தது. வேர்மொண்டில் அடிமைமுறை இல்லை; ஆகவே அந்த உறுதியைச் சாட்சியமாக ஏற்பதற்கில்லை என்றது நீதிமன்றம். வழக்குத் தோற்றது. வாங்கியவர் வென்றார். இதுவே ஏற்கப்படாத இரண்டாவது உறுதி.

சட்டம் சரியே. மனிதரை விற்கும் பத்திரத்தை எந்த நீதிமன்றமும் ஏற்றலாகாது. ஆயினும் கேட்கின்றோம்: அவள் உழைப்பின் கூலி எங்கே? அவள் கையை உழைப்பித்த பொழுது உறங்கிய சாசனம், அவளுக்குச் சோறிட வேண்டிய பொழுதுதானா விழித்தது? வழக்கிட்ட ஊரும் அவளுக்காக வழக்கிடவில்லை. தன் செலவுக்காகவே வழக்கிட்டது.

கடன், தண்டப்பணம் முதலியவற்றின் பொருட்டு ஒருவரைச் சட்டப்படி கட்டிவைக்கலாம் என்ற விலக்கும் 1777இன் வாசகத்தில் இருந்தது. அடிமைமுறை எவ்வடிவிலும் ஆகாது என்று அம்மாநிலத்தார் வாக்களித்துச் சாசனத்தைத் திருத்தியது 2022 நவம்பரிலேயாம். 245 ஆண்டுகள் சென்றன!

அன்பர்களே! தம் உறுதியை நீதிமன்றம் தள்ளியபோது வெகுண்டெழுந்த மக்கள் அவர்கள். அவர்கள் நடுவிலேயே டைனா விற்கப்பட்டாள். உரிமையை வென்றெடுத்தல் பாதி வேலை. அவ்வுரிமை நம்முள் மிக எளியவரின் வாசலையும் எட்டியதா என்று நாடோறும் கேட்டுக்கொள்ளுதல் மறுபாதி. முதற்பாதிக்கு வீரம் வேண்டும். மறுபாதிக்கு நேர்மை வேண்டும். இரண்டும் உள்ள மக்களின் சாசனமே வாழும்.