கணக்கு வராத சாதி என்று ஒன்று இல்லை



ஆறாம் வகுப்பில் கணக்கில் நான் முட்டை வாங்கியபோது ஆசிரியர் சொன்னார்: "வீட்டுல யாரையாவது சொல்லித்தரச் சொல்லு." அம்மா நாற்று நட்டுவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார். கையெழுத்துப் போடவும் தெரியாது. தப்பு என் வீட்டில்தான் இருக்கிறது என்று அன்று நம்பினேன்.

இன்று எங்கள் காலனியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் அதே வாக்கியத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

"வீடு" என்ற சொல்லிலேயே இங்கு சாதி உட்கார்ந்திருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமத்துத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். காமராசர் முதல்வரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது. ஆனாலும் பள்ளி விட்டதை வீடு நிரப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு போகவில்லை. படித்த தாத்தா இருக்கும் வீட்டில் அது வீட்டுப்பாடம். நம் வீட்டில் அது தண்டனை.

போன மாதம் ஒரு சிறுமி 402இல் 178ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தாள். நோட்டில் சிவப்பு மையில் "கவனமில்லை". எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "மேல சின்ன நம்பர் இருந்தா கழிக்க முடியாதுல்ல அண்ணா, அதான் பெருசுல இருந்து சின்னதைக் கழிச்சேன்" என்றாள். கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். கடன் வாங்கும் அந்த ஒரு படி அவளுக்குப் புரியும்படி யாரும் காட்டவில்லை.

காகிதத்தை நூறு, பத்து, ஒன்று என்று ரூபாயாக வெட்டினோம். 402ஐக் கையில் கொடுத்து 178 கேட்டேன். ஒரு நூறைப் பத்துகளாக மாற்றினாள், ஒரு பத்தை ஒன்றுகளாக மாற்றினாள். மிச்சம் 224. வாசலில் நின்ற அவள் அம்மா, "இது நாம தினம் கடையில பண்றதுதானே" என்றார்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். தினமும் இருபது நிமிடம், ஐந்து கணக்கு. இரண்டு நேற்றையது, இரண்டு போன வாரத்தது, ஒன்று புதியது. தப்பு வந்தால் திட்டுவதில்லை, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறோம். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டால் போதும். வாய்விட்டுச் சொல்லும்போது பல தப்புகளைப் பிள்ளையே பிடித்துவிடுகிறது.

கற்பிக்க வேண்டியது பள்ளியின் கடமை. அதைக் கேட்டுப் போராடுவோம். ஆனால் நாம் வெல்லும்வரை நான்காம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பிலேயே நிற்காது. இன்று விட்ட கழித்தல், எட்டாம் வகுப்பில் இயற்கணிதமாக வந்து வழிமறிக்கும். அப்போது "இவங்களுக்குக் கணக்கு வராது" என்பார்கள். பிள்ளையும் நம்பிவிடும், நான் நம்பியதைப் போல.

கல்லூரிவரை வந்துவிட்ட தோழர்களே, உங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு இன்று மாலை உட்காருங்கள். நாளையும் உட்காருங்கள்.

ஜெய்பீம்.