பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் நோய்

(நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் நம் தெருவில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. முதலில் யூகேஜி படிக்கும் சின்னவனுக்குச் சளி பிடிக்கும். பிறகு அவன் அக்காவுக்கு, அடுத்து அம்மாவுக்கு, கடைசியில் வீட்டுப் பெரியவருக்கு. சின்னவன் மூன்றாம் நாளே எழுந்து விளையாடப் போய்விடுவான். பெரியவருக்கோ அதே சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். இன்று நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

பிள்ளைகளுக்கு நோயே வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காருகிறார்கள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்கள். நோய் தொற்றத்தான் செய்யும். ஆனால் பிள்ளை தாங்குகிற நோயை வீட்டில் எல்லோரும் தாங்கமாட்டார்கள். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள், நாற்பது நாள்கூட ஆகாத பச்சைக் குழந்தை, சர்க்கரை நோயோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவர்கள், இவர்கள் எல்லோரும் நம் வீடுகளில் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்.

மணல்வாரி என்று நாம் சொல்லும் தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். தடுப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கியிருந்தால் ஒன்பது பேர் வரை தொற்றிக்கொள்ளும். அதற்கான எம்.ஆர். தடுப்பூசியை 9 மாதம் முடிந்ததும் ஒரு தடவை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறு தடவை போடுகிறார்கள். ஆக, 9 மாதம் ஆகாத குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. அதன் அண்ணனும் அக்காவும் ஊசி போட்டிருப்பதுதான் அதற்குக் காவல்.

அதே ஊசி ரூபெல்லாவையும் தடுக்கிறது. ரூபெல்லா பிள்ளைக்கு லேசான காய்ச்சலாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தாலோ, வயிற்றிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பலர் தயங்கினார்கள். உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, நம்மில் பல வீடுகளில் நடக்கும் ஒரு வழக்கம். காலையில் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. ஒரு மூடி பாரசிட்டமால் கொடுத்து, சூடு இறங்கியதும் யூனிஃபார்ம் மாட்டி அனுப்பிவிடுகிறோம். அந்த மருந்து சூட்டைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. மதியத்துக்குள் காய்ச்சல் திரும்பிவிடும். அதற்குள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு வந்திருக்கும்.

அனுப்புகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் இருக்கும் தாய்மார்களை நமக்குத் தெரியும். பரீட்சை என்ற பயமும் இருக்கிறது. ஒரு நாள்கூட லீவு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு தரும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. இருந்தாலும், நம் ஒரு நாள் கூலியைக் காப்பாற்ற இன்னொரு வீட்டுக் குழந்தை படுக்க வேண்டுமா? அதுவும் அடியார்களின் உரிமையில் சேர்ந்ததுதான். நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுபோக வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது நாம் அறிந்த ஹதீஸ். ஒட்டகத்துக்கே அந்தக் கவனம் என்றால், பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும்!

எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது? இதைக் குறித்துக்கொள்ளுங்கள்:

* காய்ச்சல்: மருந்தில்லாமலே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருக்கும் வரை.
* வாந்தி, வயிற்றுப்போக்கு: நின்று 48 மணி நேரம் ஆகும் வரை.
* தட்டம்மை: தடிப்பு தெரிந்த நாளிலிருந்து நான்கு நாள் முடியும் வரை.
* சின்னம்மை: கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை.
* பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கி ஐந்து நாள்.

சின்னம்மை கண்ட வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் ஐ வந்த பிள்ளைக்குத் துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட பிள்ளையை, "வீட்டில் சும்மாதானே இருக்கிறான்" என்று மாலையில் மக்தபுக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே பாயில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஓதுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாத பிள்ளை மக்தபுக்கும் டியூஷனுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகக்கூடாது. நோய்க்காக வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டுக் கண்டிக்க வேண்டாமென்று உஸ்தாதுமார்களிடம் நாம் கேட்டுக்கொள்கிறோம்.

"ஐவேளை ஒளு செய்கிறோமே, போதாதா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒளு நம் வணக்கத்தின் சுத்தம். மலத்திலும் சளியிலும் உள்ள கிருமி கையை விட்டுப் போக வெறும் தண்ணீர் போதாது, சோப்பு வேண்டும். கழிப்பறை போய் வந்ததும், சாப்பிடும் முன்பும், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் 20 வினாடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் தொட்டில் பக்கம் போகலாம் என்று வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள்.

வீட்டில் வைத்திருக்கும்போது கவனிக்க வேண்டிய அடையாளங்கள் உண்டு. பிள்ளை வேகமாக மூச்சுவிட்டு விலாவின் கீழ் குழி விழுந்தாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104 இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை காய்ச்சலில் கிடந்தால், முன்பு அம்மை கண்டவர்களோ, வீட்டில் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இல்லாதவர்களோ, அந்த ஒரு நாள் போய்ப் பார்த்துக்கொள்ள முன்வாருங்கள். ஒவ்வொரு தெருவிலும் அப்படி இரண்டு பேர் பெயர் கொடுத்தால் போதும். கூட்டம் முடிந்ததும் அதற்கான நோட்டை வாசலில் வைத்திருப்போம். அண்டை வீட்டாருக்குச் செய்யும் இந்த உதவியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.