குடற்புண்ணும் ஒரு கிருமியும்

(கே.கே. நகரில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய சிற்றுரை)



இன்று பிரசங்கம் இல்லை. வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உங்களில் சிலர் பையில் ஜெலுசில் இருப்பதும் எங்களுக்குத் தெரியும்!

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை அறிவீர்கள். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறச் சென்ற டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் பல ஆண்டுகள் ஊழியம் செய்த இடம். தென் திருவிதாங்கூரில் அந்நாளில் குடற்புண் மிகுதி. இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை அவர் ஏராளமானோருக்குச் செய்தார். காரணத்தை அக்காலத்து மருத்துவர்கள் மரச்சீனிக்கிழங்கிலும் மிளகாய்க் காரத்திலும் தேடினார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையில் ஒரு சுருள் கிருமியைக் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்க்கப் பலமுறை முயன்றும் பலிக்கவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அமிலத்தில் எதுவும் வாழாது என்று உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார்; சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி, தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு பிழைக்கிறது.

கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை. மூட்டுவலி மாத்திரையாலும் புண் வரும், அதையும் மறக்கவேண்டாம்.

இங்கே ஒன்றை அறிக்கையிட வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர்களிடம், "கவலையை விடுங்கள், புண் ஆறிவிடும்" என்று வார்டு வார்டாகச் சொல்லி வந்தவர்கள் நாங்கள்தான். வலியோடு சேர்த்து, விசுவாசம் குறைவு என்ற பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டோம்.

பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சகோதரர் ஒருவர். இரண்டு ஆன்டிபயாடிக், ஓர் அமிலக் குறைப்பு மாத்திரை, 14 நாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் வலி நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மீதிக்குக் காசில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மலம் தார்போலக் கறுத்து, மயங்கிய நிலையில் தூக்கி வந்தார்கள். இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

இம்முறை 14 நாள் மருந்தும் உங்கள் காணிக்கையிலிருந்து முழுதாய்க் கொடுத்தோம். முடித்துவிட்டார். நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பரிசோதிக்க வரவேண்டும். பஸ் செலவுக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.